குஞ்சாபுரி: சூரியனுக்கு முன்னால் போய்ச் சேர்வது

ரிஷிகேஷில் தபோவனம் பக்கம் மாலையில் நடந்தால் டிராவல்ஸ் கடைகளின் வாசலில் ‘குஞ்சாபுரி சன்ரைஸ்’ என்ற அட்டை தொங்குவதைப் பார்க்கலாம். விசாரித்தால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், “காலையில் நாலு மணிக்கு ரெடியாக இருங்கள்” என்பதுதான். எந்த மாதமானாலும் அதே நாலு மணி. ஜனவரியில் நாலு மணிக்குக் கிளம்பியவர் மலை உச்சியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருட்டில் நடுங்கிக்கொண்டு நிற்பார். ஜூனில் அதே நேரத்துக்குக் கிளம்பியவர் படியேறி முடிப்பதற்குள் சூரியன் வந்துவிட்டிருக்கும். கடிகாரத்தை விடவும் பெரிய தவறு ஒன்று இதற்கு அடியில் இருக்கிறது: இந்தப் பயணத்தில் பார்க்க வேண்டியது சூரிய வட்டம் என்று நினைத்துக்கொள்வது. குஞ்சாபுரியின் செல்வம் சூரியன் எழுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் இருக்கிறது. அதுவும் கிழக்கே பார்த்து நிற்பவரின் இடக்கைப் பக்கம், வடக்கிலிருந்து வடகிழக்கு வரை நீளும் பனிச்சிகரங்களில் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால் எந்த மாதம் போவது, எத்தனை மணிக்கு அறையை விட்டு இறங்குவது, மேலே எந்தப் பக்கம் நிற்பது, சந்நிதிக்குள் எப்போது நுழைவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகக் கிடைக்கும். இதற்கு வரக்கூடிய மறுப்புகளையும் இந்த அத்தியாயத்திலேயே பார்த்துவிடுவோம்.

முதலில் இடம். குஞ்சாபுரி தேவி கோயில் உத்தராகண்ட் மாநிலத்தின் தெஹ்ரி கர்வால் மாவட்டத்தில், ரிஷிகேஷிலிருந்து சாலை வழியே சுமார் 25 கி.மீ. தொலைவில் ஒரு தனி முகட்டின் மேல் இருக்கிறது. ரிஷிகேஷின் உயரம் ஏறக்குறைய 350 மீட்டர். கோயில் 1,650 மீட்டருக்குப் பக்கம். சம்பா ஊருக்குப் போகும் நெடுஞ்சாலையைப் பிடித்து நரேந்திரநகரைத் தாண்டினால் ஹிண்டோலாகால் என்ற சிற்றூர் வரும். அங்கே பிரதான சாலையை விட்டுப் பிரியும் குறுகலான கிளைச்சாலை நாலைந்து கி.மீ. ஏறி, ஒரு வண்டி நிறுத்தத்தில் முடிகிறது. தேங்காயும் ஜரிகை வைத்த சிவப்புத் துணியும் விற்கும் கடைகள், இரண்டொரு டீக்கடைகள். அவற்றைத் தாண்டிச் சிங்கச் சிலைகள் வைத்த வாயில். அதற்கப்புறம் 300-க்குச் சற்று மேற்பட்ட படிகள். பத்தமடைக்காரரான சுவாமி சிவானந்தர் நிறுவிய ஆசிரமம் இருக்கும் முனி கி ரேதி பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு இந்தச் சாலை கிட்டத்திலேயே தொடங்குகிறது. நரேந்திரநகரை இருட்டில் கடந்துவிடுவோம். ஆனால் அது சும்மா ஓர் ஊர் அல்ல. பத்ரிநாத் கோயிலின் நடை எந்த நாளில் திறப்பது என்பதை ஆண்டுதோறும் வசந்த பஞ்சமியன்று முடிவு செய்வது இங்குள்ள தெஹ்ரி அரச குடும்பத்தின் அரண்மனையில்தான். பத்ரிநாதருக்கான எள்ளெண்ணெயை ஊர்ச் சுமங்கலிகள் ஆட்டி அனுப்புவதும் அங்கிருந்துதான். திரும்பும் வழியில் வெளிச்சத்தில் அந்த ஊரைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி மேலே என்ன தெரியும் என்பது. நேர் வடக்குக்குச் சற்றுக் கிழக்கே, ஏறக்குறைய 90 முதல் 100 கி.மீ. தூரத்தில், பந்தர்பூஞ்ச் (6,316 மீட்டர்), ஸ்வர்கரோகிணி (6,252 மீட்டர்) சிகரங்கள். அங்கிருந்து கண்ணை வலப்பக்கம் நகர்த்தினால் கங்கோத்ரிச் சிகரங்களின் கூட்டம். இன்னும் வலப்பக்கம், வடகிழக்கில், நூறு கி.மீ.க்குச் சற்று அப்பால், சௌகம்பா (7,138 மீட்டர்). விளம்பரப் படங்களில் இந்தச் சிகரங்கள் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும்; அது தொலைநோக்கு லென்ஸின் வேலை. நேரில் சௌகம்பாவின் உயரம், கையை நீட்டிக் கட்டைவிரலைப் படுக்கவைத்துப் பார்த்தால் அந்த விரலின் தடிமன் அளவே இருக்கும். இதைத் தெரியாமல் போகிறவர்கள் ‘அவ்வளவுதானா’ என்று கேட்டுவிட்டு மொபைலை எடுத்துச் சூரியன் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அடிவானத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு, ஆனால் வடக்கிலிருந்து வடகிழக்கு வரை நீளமாக ஓடும் ஒரு பற்களுள்ள விளிம்பு என்று மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. சிறிய பைனாகுலர் ஒன்று இருந்தால் இந்தப் பயணத்தில் கேமராவை விட அதற்குத்தான் வேலை அதிகம்.

அந்த விளிம்பு நிறம் மாறுவதற்கு ஒரு கால அட்டவணை உண்டு. சூரியோதயத்துக்கு 45 நிமிடம் முன்னால் வடக்கே கருப்பும் கருநீலமுமாக அடுக்கடுக்கான மலைகள் மட்டுமே தெரியும். பனி இருக்கிற இடம் வெளிறிய சாம்பல் கோடு. சுமார் 25 நிமிடம் முன்னால், டார்ச் இல்லாமல் படி தெரியும் அளவுக்கு வெளிச்சம் வரும்போது, அந்தச் சாம்பல் கோடு வெண்ணீலமாகும். பிறகு, நீங்கள் நிற்கும் இடத்துக்குச் சூரியன் வருவதற்குக் கிட்டத்தட்டப் பத்து நிமிடம் முன்பே, மிக உயர்ந்த சிகரத்தின் நுனியில் வெளிச்சம் பிடிக்கிறது. காரணம் எளியது: 7,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு நுனி பூமியின் வளைவைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்க்கிறது; 1,650 மீட்டரில் நிற்கும் நம்மை விட முன்னதாகவே அதற்குச் சூரியன் தெரிந்துவிடுகிறது. அந்த முதல் ஒளி வளிமண்டலத்தைக் கிடையாகத் துளைத்துக்கொண்டு வருவதால் அதன் நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. நுனியில் இளஞ்சிவப்பு, சில நிமிடத்தில் அது தோள்களுக்கு இறங்கும்போது செம்பு, பிறகு பொன். சூரிய வட்டம் கிழக்கே மலைமுகட்டுக்கு மேல் தலைகாட்டி, எல்லோரும் கைதட்டிப் படம் எடுக்கும் நேரத்தில் வடக்கே நாடகம் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். இன்னும் அரை மணி போனால் பனி வெறும் வெள்ளையாகித் தட்டையாகிவிடும். இடையில் ஒருமுறை முற்றிலும் எதிர்ப்பக்கம், மேற்கே, திரும்பிப் பாருங்கள். அடிவானத்தை ஒட்டி மங்கலான நீலப் பட்டை ஒன்றும் அதற்கு மேல் ரோஜா நிறப் பட்டை ஒன்றும் தெரியும். கீழே இருக்கும் நீலம் பூமியின் நிழல். சூரியன் நெருங்க நெருங்க அது அடிவானத்துக்குள் அமிழ்ந்து காணாமல் போகும். மேற்கே திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாததால் பக்கத்திலேயே நடக்கும் இந்தக் காட்சியை முழுக் கூட்டமும் தவறவிடுகிறது.

ஆக, மேல் முற்றத்தில் நீங்கள் இருக்க வேண்டிய நேரம் சூரியோதயத்துக்கு 45 நிமிடம் முன்பு. இதைத் தமிழ்நாட்டுப் பழக்கத்தில் கணக்கிட்டால் தப்பாகிவிடும். சென்னையில் ஆண்டு முழுக்கச் சூரியோதயம் ஏறக்குறைய 5.40 மணிக்கும் 6.35 மணிக்கும் இடையிலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. ‘காலை ஆறு மணி’ என்று பொதுவாகச் சொன்னால் நமக்குப் போதும். ரிஷிகேஷ் 30 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால் இந்த ஊசலாட்டம் இரண்டு மணி நேரம்: ஜூன் முதல் பாதியில் 5.15, ஜனவரி நடுவில் 7.15. அக்டோபர் நடுவில் 6.20, நவம்பர் நடுவில் 6.40, பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் 6.50 என்று வைத்துக்கொள்ளலாம். இருட்டில் அவசரமில்லாமல் மலைச்சாலை ஏற ஒரு மணி நேரம், படிக்கு மூச்சு வாங்க நின்று நின்று போனாலும் 20 நிமிடம், வண்டி நிறுத்தி இறங்கி ஸ்வெட்டரைத் தேடுவதற்கு ஒரு பத்து நிமிடம். மொத்தம் ஒன்றரை மணி. அதோடு மேலே வேண்டிய 45 நிமிடத்தையும் சேர்த்தால், அன்றைய சூரியோதய நேரத்திலிருந்து இரண்டே கால் மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்; அதுவே அறையை விட்டு இறங்கும் நேரம். நவம்பர் நடுவில் அது 4.25, ஜனவரி நடுவில் தாராளமாக 5 மணி, ஜூனில் 3 மணி. டிராவல்ஸ்காரர் ஜனவரியில் நாலு மணி என்று சொன்னால் கூசாமல் ஐந்து என்று திருத்துங்கள். அவர் தூக்கமும் சேர்ந்து மிச்சமாகும். கிழக்கே வேறு முகடுகள் நிற்பதால் வட்டம் கண்ணில் படுவது பஞ்சாங்க நேரத்துக்குச் சில நிமிடம் பின்தங்கலாம். அதனால் நமக்கு நஷ்டமில்லை.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. நூறு கி.மீ. தூரத்தில் உள்ள ஒன்றைப் பார்க்கிறோம் என்றால் நூறு கி.மீ. காற்றின் ஊடாகப் பார்க்கிறோம். அந்தக் காற்றில் தூசியோ புகையோ ஈரமோ கொஞ்சம் கூடினாலும் சிகரங்கள் அழிந்துவிடும். சூரிய வட்டம் மட்டும், அதுவும் கலங்கலாக, மிஞ்சும். அதிகாலையில் போவதற்கான முதல் காரணமே இதுதான். இரவு குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்கிக் கிடக்கும்போது தூசியும் சமையல் புகையும் அதோடு கீழேயே படிந்திருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் அது கிளம்பிச் சரிவுகளின் வழியே மேலே வரும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் போகிறவர் சிகரங்களைப் பார்க்காமல் திரும்புவதற்கு அதுவே காரணம். மாதங்களுக்கும் இதே தர்க்கம்தான். உத்தராகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை காட்டுத்தீக் காலம் என்றே வனத்துறை கணக்கு வைத்திருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பைன் காடுகளின் உதிர்ந்த ஊசியிலைகள் காய்ந்து எரிகிற புகையும், சமவெளியிலிருந்து வரும் புழுதியும் சேர்ந்து வடதிசையை மூடிவிடும். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை பருவமழை, மேகமும் நிலச்சரிவும். மழை விலகியபின், அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை, கழுவித் துடைத்த காற்று. ஜனவரி, பிப்ரவரியில் மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழை இடையிடையே குறுக்கிட்டாலும், அந்த மழை விட்ட மறுநாள் காலைதான் ஆண்டிலேயே மிகத் தெளிவான காலைகளில் ஒன்றாக இருக்கும்.

காற்றோடு கோணமும் சேர்ந்துகொள்கிறது. இதை வழிகாட்டிகள் யாரும் சொல்வதில்லை. ஜூனில் இந்த அட்சரேகையில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 27 டிகிரி வடக்கே தள்ளி எழுகிறது. அதாவது ஏறக்குறைய சௌகம்பா நிற்கும் திசையிலேயே. வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்போது அந்தச் சிகரம் பின்வெளிச்சத்தில் கருநிழலாகத்தான் தெரியும். நம்மை நோக்கிய முகத்தில் சிவப்பு விழவே விழாது. டிசம்பரில் சூரியன் அதே 27 டிகிரி தெற்கே தள்ளிப்போகிறது. இப்போது சிகரங்களுக்கும் சூரியனுக்கும் இடையே வானத்தில் 60 முதல் 100 டிகிரி வரை இடைவெளி. ஒளி பக்கவாட்டில் விழுகிறது. ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு பனிச்சரிவும் தன் நிழலோடு தனித்துத் தெரிகிறது. குளிர்காலக் குஞ்சாபுரியும் கோடைக் குஞ்சாபுரியும் ஒரே இடம் என்று சொல்வதே சற்று அதிகம்தான்.

‘எங்களுக்கு லீவு மே மாதம்தான், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே’ என்பது நியாயமான மறுப்பு. ஆனால் தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தால் ஆயுத பூஜை, தீபாவளி, அரையாண்டுத் தேர்வு விடுமுறை, பொங்கல் நான்கும் நல்ல மாதங்களிலேயே விழுகின்றன. ஆயுத பூஜையைத்தான் நான் பரிந்துரைக்க மாட்டேன். நவராத்திரியில் குஞ்சாபுரிக்குக் கூட்டம் அள்ளிக்கொண்டு வரும்; படியில் வரிசை நகராது. தீபாவளியைச் சொன்னால் உடனே எழும் எதிர்க்கேள்வி தில்லியின் புகைமூட்டம். உண்மைதான், அந்த நாட்களில் கோயிலிலிருந்து தெற்கே பார்த்தால் சமவெளி ஒரு பழுப்புப் போர்வைக்கு அடியில் கிடக்கும். நாம் பார்ப்பது வடக்கே. அந்தப் போர்வை பெரும்பாலும் நம் காலுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. டிசம்பர் கடைசி, ஜனவரியில் வேறொரு பயம்: ரிஷிகேஷ் அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கரை தெரியாத அளவு மூடுபனி, ‘இதில் எங்கே சூரியோதயம்’ என்று மறுபடி படுத்துவிடுகிறார்கள். ஹரித்வார், ரிஷிகேஷ் வட்டாரத்தில் குளிர்கால மூடுபனி பெரும்பாலும் தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கு. சில நூறு மீட்டர் ஏறினால் அதைத் தாண்டி நட்சத்திரம் தெரியும் வானத்துக்கு வந்துவிடலாம். கீழே பனி என்பதற்காக ரத்து செய்ய வேண்டாம். ஓட்டுநர் நிதானமாகப் போக அரை மணி கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். ரத்து செய்ய வேண்டியது மேகத்துக்குத்தான்: முந்தின இரவு நட்சத்திரமே இல்லையென்றால் யோசியுங்கள். மே மாதம் தவிர வேறு வழியே இல்லை என்பவர்களுக்கும் ஓர் உபாயம் உண்டு. ரிஷிகேஷில் மூன்று இரவு தங்குவதாக இருந்தால் குஞ்சாபுரிக்கு நாள் குறிக்காமல் வைத்திருங்கள். மாலையில் இடியோடு மழை கொட்டினால் மறுநாள் காலை கிளம்புங்கள். சௌகம்பா கருநிழலானாலும் நேர்வடக்கே இருக்கும் பந்தர்பூஞ்ச் அப்போதும் பக்கவெளிச்சம் வாங்கும்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. கோயிலுக்குப் போவது அம்பாளைப் பார்க்க. சிகரத்தையும் நிறத்தையும் பற்றி இத்தனை பேசுவது கோயிலைக் காட்சிமேடை ஆக்குவது ஆகாதா? பக்தியோடு கேட்கப்படும் இந்தக் கேள்விக்குக் கோயிலே ஒரு பதில் வைத்திருக்கிறது. தட்சனின் யாகத்தில் உயிர்விட்ட சதியின் உடலைச் சிவன் சுமந்து அலைந்தபோது மார்புப் பகுதி விழுந்த இடம் இது என்பது தலபுராணம். சுர்கண்டா தேவி, சந்திரபதனி, குஞ்சாபுரி மூன்றையும் சேர்த்துச் சித்தபீடங்களாக இந்த வட்டாரத்தினர் வணங்குகிறார்கள். மூன்றுமே மலையின் மடியிலோ அருவியோரத்திலோ இல்லை. நாலாபுறமும் திறந்த உச்சிகளில் இருக்கின்றன. உச்சியில் கோயிலை வைத்தவர்கள் அங்கிருந்து தெரிவதையும் கருதியே வைத்திருப்பார்கள் என்று நினைப்பதில் அபசாரம் எதுவும் இல்லை. மூலஸ்தானத்திலும் தமிழ்நாட்டுக் கோயில் போல அலங்காரம் செய்த பெரிய மூலவர் இல்லை. தரையில் உள்ள ஒரு பள்ளமே வழிபாட்டுக்குரிய இடம். பூஜை செய்பவர்களும் பிராமணர்கள் அல்லர். பண்டாரி என்ற ராஜபுத்திரக் குடும்பத்தார் வழிவழியாகச் செய்துவருகிறார்கள். நம் ஊரில் நெடுங்காலமாக விவாதமாக இருக்கும் ஒன்று இங்கே சத்தமில்லாமல் வழக்கமாக இருக்கிறது.

நடைமுறையிலும் இரண்டும் மோதுவதில்லை. பிரம்ம முகூர்த்தம் என்று நம் வழக்கத்தில் சொல்வது சூரியோதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிகிறது. மேலே சொன்ன கணக்குப்படி புறப்பட்டால் பிரம்ம முகூர்த்தத்தின் கடைசிப் பகுதியில் நீங்கள் படி ஏறிக்கொண்டிருப்பீர்கள். ஜபம் செய்ய நினைப்பவருக்கு அந்த இருட்டுப் படியைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. வெளிச்சம் வரும்வரை வடக்கு மூலைச் சுவரோரம் நின்றுவிட்டு, சூரிய வட்டம் முழுதாக எழுந்து, கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்போது சந்நிதிக்குள் போங்கள். கர்ப்பக்கிருகம் சிறியது. சூரியோதயக் கூட்டம் ஒரே மூச்சில் வெளியே நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் உள்ளே நெருக்கடி இல்லாமல் நிற்க முடியும். முதலில் தரிசனம், பிறகு காட்சி என்று வைத்துக்கொண்டவருக்கு இரண்டும் அரைகுறையாகவே கிடைக்கும். வெளிச்சம் காத்திருக்காது, அம்பாள் காத்திருப்பாள்.

இருட்டில் மலைச்சாலையில் போவது ஆபத்தில்லையா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் சொல்ல முடியாது. சார்தாம் சாலைத் திட்டத்தில் ரிஷிகேஷ்–சம்பா சாலை அகலப்படுத்தப்பட்டதால் முன்பை விட மிகவும் நன்றாக இருக்கிறது. விடியலுக்கு முன் எதிரே வரும் லாரிகளும் குறைவு. இருந்தாலும் வளைவுகள் வளைவுகள்தான். ஹிண்டோலாகாலுக்கு மேல் போகும் கிளைச்சாலை குறுகலானது. அதனால் இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வாடகை ஸ்கூட்டரில் இந்த நேரத்தில் போகாதீர்கள். ஊரில் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறவராக இருந்தாலும் குளிரில் விரல் மரத்துப்போய், தெரியாத வளைவில், ஒற்றை விளக்கு வெளிச்சத்தில் போவது வேறு. உள்ளூர் ஓட்டுநரோடு டாக்சியே சரி. அடுத்து, பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஹிண்டோலாகாலில் இறங்கி மீதி நாலைந்து கி.மீ.யை இருட்டில் நடக்கத் திட்டமிடாதீர்கள். கர்வால் மலைக் கிராமங்களில் சிறுத்தை நடமாட்டம் கதையல்ல. விடியலுக்கு முன்னும் அந்தி சாய்ந்த பின்னும் உள்ளூர்க்காரர்களே தனியாக நடக்கத் தயங்குகிறார்கள். பஸ்ஸையும் ஷேர் ஜீப்பையும் நம்பி இந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. மழைக்காலத்தில் இந்தப் பயணமே வேண்டாம். வளைவுச் சாலையில் வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து, வெறும் வயிறாகவும் இல்லாமல் வயிறு நிறையவும் இல்லாமல், ஒரு வாழைப்பழத்தோடு கிளம்பலாம். இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும். முட்டி வலிக்காரர்கள் 300 படிக்குப் பயப்பட வேண்டாம், நேரத்தை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். இருதயத் தொந்தரவு உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் எட்டு மணிக்குப் போய்த் தரிசனம் செய்துவிட்டு வருவது மேல். சிகரங்கள் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனாலும் தெரியும்.

குளிரைப் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இரண்டு விதமாகத் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். உயரம் ஏற ஏறக் கிலோமீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்ற பாடப்புத்தகக் கணக்கு, காற்றசைவில்லாத குளிர்கால விடியலில் எப்போதும் பொருந்தாது. குளிர்காற்று கீழே இறங்கிவிடுவதால் உச்சியும் ஊரும் சில சமயம் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். உச்சியில் வாட்டுவது காற்று. படியேறும்போது வியர்க்கும், அந்த வியர்வையோடு முற்றத்தில் நின்றால் காற்றடித்து ஐந்தே நிமிடத்தில் பல் கிட்டும். எனவே தடித்த ஸ்வெட்டரையும் ஜெர்கினையும் பையில் வைத்துக்கொண்டு ஏறி, மேலே போனபின் போட்டுக்கொள்ளுங்கள். மங்கி குல்லா அழகில்லை என்று கூச்சப்படுகிறவர்கள் அரை மணியில் மனம் மாறுவார்கள். அடுத்தது கால். மேல் முற்றத்துக்குச் செருப்பு, ஷூ எதுவும் போகாது. டிசம்பர் விடியலில் அந்தக் கல்தரையில் வெறுங்காலை வைத்தால் குளிர் பாதத்திலிருந்து முழங்கால் வரை குத்திக்கொண்டு ஏறும். பலர் காட்சியைப் பாதியில் விட்டுக் கீழே இறங்குவது இதனால்தான். தடித்த கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துப்போங்கள். பனித்துளியில் ஒன்று நனைந்துவிட்டால் மாற்றிக்கொள்ள இன்னொன்று. குளிரில் மொபைல் பேட்டரி சட்டென்று இறங்கும் என்பதால் டார்ச்சுக்கு அதை நம்பாமல் தனி விளக்கு வைத்துக்கொண்டு, மொபைலை உட்சட்டைப் பையில் உடம்பின் சூட்டில் வையுங்கள். குரங்குகளுக்குப் பிரசாதப் பை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். விடிந்ததும் பையை மூடிவிடுங்கள். கழிப்பறை வேலையை அறையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

இறங்கும்போது படியடி டீக்கடைகளில் சுடச்சுட இஞ்சி டீயும் மேகியும் கிடைக்கும். டாக்சியைப் பேசும்போதே திரும்பும் நேரத்தையும் பேசிக்கொள்ள வேண்டும். சூரியன் வந்த பத்தாவது நிமிடத்தில் ஹாரன் அடித்துக் கூப்பிடும் ஓட்டுநர்கள் உண்டு. அவர்களுக்கு ஏழெட்டு மணிக்கு அடுத்த சவாரி காத்திருக்கும். சூரியோதயத்துக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, அதற்குச் சேர்த்து வாடகை முடிவு செய்யுங்கள். நல்ல நடைப்பழக்கம் உள்ளவர்கள் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காட்டு வழியிலும் படிக்கட்டு வயல்களுக்கு நடுவிலும் நீர்கட் அருவி வரை நடந்தே இறங்கலாம். அரை நாள் பிடிக்கும். பாதை பல இடங்களில் பிரிவதால் வழி தெரிந்த ஆள் ஒருவர் கூட வேண்டும். அவரை முந்தின நாளே ரிஷிகேஷில் ஏற்பாடு செய்துவிட வேண்டும், மேலே போய்த் தேடினால் கிடைக்க மாட்டார். முழுக்க முழுக்க இறக்கம் என்பதால் மூச்சு வாங்காது. முன்தொடைதான் மறுநாள் வலிக்கும். அன்றைக்கு வேறு பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.